மூன்றாவது விசில்

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புல்லில் சரிந்த மாஸ்டரைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"காலு மாஸ்டர், காலு. உங்களுக்கு உடைஞ்சது காலு," என்று ஒரு பொடியன் எடுத்துக்கொடுத்தான்.

அவர் கழுத்தில் தொங்கிய அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. வலது கால் முறிவு. எழுதியவரும் அவரேதான். வாரமெல்லாம் வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர், விடுமுறை வந்தால் சர்ச் சாரணர் படைக்கு மாஸ்டர். ஒவ்வொரு முகாமிலும் மலைச்சரிவில் அடிபட்டவராக விழுந்து நடிப்பது அவர் வேலை. கட்டுப் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்குவது பிள்ளைகள் வேலை.

இந்த முறை அட்டையில் எழுதாத ஒன்று வந்துவிட்டது.

ஒரு ஃபிரிட்ஜையே தூக்கி நெஞ்சில் வைத்த மாதிரி பாரம். இடது கை தோளிலிருந்து மரத்துக்கொண்டே போனது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. இது நடிப்பில்லை என்று அந்த மலையிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"நிஜமாவே முடியலைடா," என்றார். குரல் பாதிதான் வெளியே வந்தது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னே, அழவா செய்வார்கள்? வருஷா வருஷம் இதே வசனத்தைச் சொல்லித்தான் ஏமாற்றுவார். நம்பிப் பாதியில் கட்டை விட்டுவிட்டு ஓடுகிற அணிக்கு மதிப்பெண் கிடையாது. அடிபட்டவன் ஆயிரம் பேசுவான், அதைக் காதில் வாங்காமல் வேலையைப் பார் என்று தலைப்பாடாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார். தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மா இல்லை.

வேலையைப் பார்த்தார்கள். கல்லுப்போல நன்றாக இருந்த காலுக்கு இரண்டு பக்கமும் கம்பு வைத்து, ஸ்கார்ஃபால் சுற்றி இறுக்கினார்கள். முடிச்சு உள்பக்கம் வர வேண்டுமா வெளிப்பக்கம் வர வேண்டுமா என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள்.

எந்தப் பக்கம் வந்தால் என்னடா பாவிகளா, என்று நினைத்தார். சொல்ல முடியவில்லை.

அந்த அணிக்குத் தலைவி அவருடைய மகள். முடிச்சைச் சரிபார்க்கக் குனிந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உதடு வெளுத்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. அப்பாடா என்றிருந்தது.

முகாமில் 'அப்பா' என்று கூப்பிடக் கூடாது. அது வீட்டிலேயே பேசி முடித்த விஷயம். போன தடவை வாய் தவறிக் கூப்பிட்டதற்கு, அத்தனை பேர் முன்னாலும் அவளைத் தனியாக நிற்க வைத்தார். மாஸ்டர் மகளுக்குச் சலுகை என்று நாலு பேர் பேசிவிடக் கூடாதே.

"மாஸ்டர்," என்றாள் மெல்ல. "உங்களுக்கு நிஜமாவே…"

அப்பான்னு கூப்பிடும்மா. கூப்பிட்டுத் தொலை. மனசு கதறியது, நாக்கு அசையவில்லை.

கை அசைந்தது. கழுத்தில் விசில் இருந்தது.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்வார்கள். ஒரு விசில் என்றால் அடுத்த வேலையைத் தொடங்கு. இரண்டு என்றால் போட்டது போட்டபடி ஓடிப்போய் வரிசையில் நில். மூன்று என்றால் விளையாட்டு இல்லை, உண்மையான ஆபத்து. அந்த மூன்றை ஊத இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தேவைப்பட்டதில்லை என்று சபையில் மார்தட்டிக்கொள்வார்.

விசிலை உதட்டுக்குக் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்தது. ஊதினார். வந்தது.

பிள்ளைகள் ஸ்ட்ரெச்சர் கட்டக் கம்புகளை எடுத்தார்கள். மகள் மட்டும் நகரவில்லை.

இருக்கிற மூச்சையெல்லாம் வழித்தெடுத்து உடனே இன்னொன்று ஊதினார். அதுவும் வந்தது.

இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

காற்று உதட்டோரமாகவே போய்விட்டது. சத்தம் வரவில்லை.

"ஏய், ரெண்டு ஊதியாச்சு, ஓடு. கடைசியா வர்றவங்கதான் பாத்திரம் கழுவணும்," என்று ஒருத்தி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் ஒரு எட்டு வைத்தாள், நின்றாள், அப்பாவின் வாயிலிருந்த விசிலைப் பார்த்தாள். பிறகு எல்லாரோடும் ஓடிவிட்டாள்.

சரிவுக்குக் கீழே மரத்தடியில் பாஸ்டர் நடுவராக நின்றிருந்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்து நின்றார்கள், மாஸ்டருக்கு முதுகைக் காட்டி. வரிசையில் நின்றால் திரும்பக் கூடாது. ஏதாவது கேட்க வேண்டுமானால் கையை உயர்த்தி, கூப்பிடும்வரை வாயைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும். அந்தச் சட்டமும் அவர் போட்டதுதான்.

புல்லில் கன்னத்தை வைத்தபடி பார்த்தார். தொண்டை கிழியக் கத்தியும் இத்தனை வருஷமாக வராத வரிசை, இன்றைக்கு நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

ஒரே ஒரு கை உயர்ந்தது. மகளுடைய கை.

பாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளைகளின் தலைக்கு மேலாக மாஸ்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "பாருங்க, மனுஷன் இன்னும் நடிப்ப விடல. சரி, எல்லாரும் கண்ண மூடுங்க, ஜெபம் பண்ணுவோம்," என்று தானும் கண்களை மூடிக்கொண்டார். அவர் ஜெபம் தொடங்கினால் லேசில் முடியாது என்பது சபைக்கே தெரிந்த விஷயம்.

மாஸ்டருக்கு நல்ல சுகத்தையும் பெலத்தையும் தந்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லித் தொடங்கினார்.

மகள் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.