நூறு கிராம் ஆபத்து

"இந்த வீட்டுக்குள்ளை அந்தச் சீவன் வரக் கூடாது. அவ்வளவுதான்!"

பத்மநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஊரில் பதினெட்டு வருடம் பாடசாலை அதிபராக இருந்தவர். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியின் அந்த நாலாம் மாடி வீட்டில், கறிக்கு உப்பு முதல் ரீவியின் சத்தம் வரை கடைசிச் சொல் அவருடையதுதான்.

எதிரே தம்பி இரத்தினவேல், தம்பியின் மனைவி அஜந்தா, அவர்களின் பன்னிரண்டு வயது மகள் அபிஷா. பிள்ளையின் மடியில் பள்ளிக்கூடத்தில் பிரிண்ட் எடுத்த படம் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் சாம்பல் நிற அணில் போன்ற ஒன்று, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு பார்த்தது. சுகர் கிளைடராம்.

"பெரியப்பா, அது நூறு கிராம்தான். தோலை விரிச்சுக்கொண்டு காத்திலை மிதந்து வரும். அப்பான்ரை சிநேகிதர் ஜோன்சன் அங்கிள் சோடியாத் தாறன் எண்டவர். தனிய வச்சாக் கவலையிலை செத்துப் போகுமாம்."

"சோடியோ! அப்ப இருநூறு கிராம்."

அஜந்தா கணவன் பக்கம் திரும்பினாள். மூத்தாரோடு நேரே வாதாடாமல் கணவனைச் சுற்றிவந்து அடிப்பது அவளுக்குக் கைவந்த கலை.

"உங்கடை அண்ணரிட்டை ஒண்டு கேளுங்கோ. ஒரு சிநேகிதப் பிள்ளையைக்கூட வீட்டை கூட்டி வர விடேல்லை. போன பிறந்தநாளையும் பார்க்கிலை, குளிருக்குள்ளை நிண்டு கேக் வெட்டினது. இந்தப் பிள்ளைக்கு ஒரு துணை வேண்டாமோ?"

"வீடு எண்டா வீடு. கண்டவை நிண்டவை வந்துபோற சந்தையில்லை."

"அதுதானே அணிலைக் கேக்கிறாள்."

பத்மநாதன் எழுந்து நின்றார். காலைப் பிரார்த்தனை மேடையில் நிற்பதாக ஒரு நினைப்பு.

"நாங்கள் வந்த நாட்டின்ரை சட்டத்தை மதிக்க வேணும். இந்தச் சீவனை இஞ்சை வளக்க அனுமதியில்லை. ஜோன்சன் சுவீடனிலை இருந்து காருக்குள்ளை ஒளிச்சுக் கொண்டு வந்தவன். நாளைக்குப் பேப்பரிலை வந்தா எங்கடை சமூகத்தின்ரை மானம் என்ன ஆகும்? ஒழுங்கு! ஒரு குடிமகனுக்கு முதல் இலட்சணம் ஒழுங்கு!"

"ஆருக்குத் தெரியப் போகுது பெரியப்பா? பகல் முழுக்க நித்திரை கொள்ளும்..."

"இரவிலை குரைக்குமாமே! நீ வாசிச்ச தாளிலையே கிடக்கு."

அப்போது வெளியே லிஃப்ட் வந்து நின்றது. அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது. காலடிச் சத்தம் வாசலைக் கடந்துபோய், எதிர்வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகுதான் பேச்சைத் தொடர்ந்தார்.

"குரைச்சா," குரல் தாழ்ந்துவிட்டது, "கீழ்வீட்டு மனுசி போய் கட்டடம் பாக்கிற வக்மெஸ்தரிட்டைச் சொல்லும். வக்மெஸ்தர் பொலிசுக்கு அடிப்பான். பொலிஸ் இந்த வாசலுக்கு வந்தா..."

ஆமிச் சோதனைச் சாவடியில், நெஞ்சுக்கு நேரே நீட்டிய துவக்கின் முன்னால் நின்று சிப்பாயின் ஆங்கிலத்தைத் திருத்தியவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. சொல்லித் திரிவது அவரேதான். இப்போது அவர் வாசற்கதவின் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"வந்தாங்கள் எண்டா கூட்டை மட்டும் பாத்திட்டே போவாங்கள்? கட்டிலுக்குக் கீழை, குசினிக்குள்ளை எல்லாம் கிண்டுவாங்கள். எத்தினை பேர் இருக்கிறியள் எண்டு கேப்பாங்கள்."

"கேப்பாங்கள்தான்," என்று இரத்தினவேல் நிலத்தைப் பார்த்து முணுமுணுத்தான்.

அஜந்தா மறுபடி கணவனையே பார்த்தாள். "பாவம் எண்டு ஒருக்கா உள்ளுக்கு விட்டா, பிறகு போ எண்டு சொல்லவும் மனம் வராதுதான். பதினைஞ்சு வருசமும் இருக்குமாம்."

"சரியாச் சொன்னாய்!" பத்மநாதன் மேசையில் தட்டினார். "இப்பதான் உனக்கு விளங்கியிருக்கு."

இரத்தினவேல் தொலைபேசியை எடுத்தான். "ஜோன்சன், வேண்டாம் மச்சான். எங்கடை வீட்டிலை சரிவராது."

அபிஷா படத்தை நாலாக மடித்தாள். அழவில்லை. அழுதால் கீழே கேட்கும் என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்கள்.

பத்மநாதன் ஜன்னலடிக்குப் போய், திரைச்சீலையில் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்த வெளிச்சத்தை இழுத்து மூடினார். திரும்பி வந்து பிள்ளையின் தலையைத் தடவினார்.

"கவலைப்படாதை பிள்ளை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிமிர்ந்து நடக்கிறதுதான் உண்மையான சுதந்திரம்."

அழைப்பு மணி அடித்தது.

யாரையும் எதிர்பார்த்திருக்கவில்லை. அஜந்தா கையில் எடுத்த கோப்பையை வைக்காமல் அப்படியே நின்றாள். மணி இன்னொரு முறை அடித்தது. முதலில் எழுந்தவள் அபிஷாதான். பெரியப்பாவின் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு ஓடி, அலுமாரியைத் திறந்து குளிர் ஜக்கெற்றுகளை விலக்கினாள்.

"கெதியா ஏறுங்கோ பெரியப்பா. போனமுறை மாதிரித் தும்மிப் போடாதேங்கோ."

தம்பியைப் பார்க்க மூன்று மாத விசாவில் வந்து மூன்று வருடமாகத் திரும்பிப் போகாத அதிபர், முழங்காலை மடித்து உள்ளே குந்திக்கொள்ள, பிள்ளை வெளியே பூட்டினாள்.