கஜபதியின் கோபம்

"கடனை முழுசா அடைச்சாச்சு. என் ஊட்டுப் பத்திரம் இன்னா உங்க பாட்டன் சொத்தா? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவட்டா?"

ஆவடி வங்கியில் கஜபதி மேஜையைத் தட்டினார். மேனேஜர் தலைகுனிந்தார்.

"அடுத்த வாரம் கண்டிப்பா தந்துடறோம் சார்."

"இதையேதான் சொல்லிக்கினு கீறீங்க!"

கூட வந்திருந்த மனைவியின் தம்பி உத்தமனுக்கு முகம் தொங்கிப்போனது. லாரிக் கடனுக்கு மாமா வீட்டுப் பத்திரத்தைத்தான் ஜாமீனாக நம்பியிருந்தான்.

"டென்ஷன் ஆவாதே மாமா. நான் போய் வண்டிய எடுக்கிறேன்" என்று வெளியேறினான்.

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பத்திரத்தைப் போன மாசமே வாங்கிட்டுப் போயிட்டீங்க. இன்னும் எத்தனை தடவை சார் நான் திட்டு வாங்கணும்?"

"மச்சான் வேற ஜாமீன் பாக்கற வரிக்கும் சார்" என்று குழைந்தார் கஜபதி. "அடுத்த வாரம் என் சம்சாரமும் வருது. கொஞ்சம் அதிகமாவே திட்டுவேன், கோச்சிக்காதீங்க."