பெயர் சொல்லாதவர்

“இந்த ஆள நிப்பாட்டணும் பஹீம். அதுக்காகவாவது நாம புதுத் தளத்துக்கு மாறணும்,” என்றாள் ஷாமலா, போனில்.

போனில் தமிழ் எழுதுவதற்கு இருவரும் சேர்ந்து ஒரு செயலி செய்திருந்தார்கள். இலவசம். யாரும் பாவிக்கலாம், விஷயம் தெரிந்த யாரும் அதைத் திருத்தலாம். அவள் வத்தேகமவில் ஆசிரியை. அவன் மடவளையில் வீட்டிலிருந்தே வேலை செய்பவன்.

பிழை கண்டவர்கள் எழுதிப்போட ஒரு தளம் இருந்தது. பழையது, அடிக்கடி படுத்துவிடும். அதற்குப் பதிலாக எதை எடுப்பது என்பதுதான் பேச்சு.

“அவர் உங்களுக்கு என்ன செஞ்சார்?”

“பேரே போடாம தினமும் எழுதுறார். ‘ண அடித்தால் ந வருகிறது’ன்னு. நான் அடிச்சுப் பார்த்தேன், அப்படி ஒரு பிழையே இல்ல. கீழ ‘இன்று இங்கே நல்ல மழை’ன்னு வேற. மழைக்கு நாம என்ன செய்றது? நான் சொல்ற தளத்துல பேர் பதிஞ்சாத்தான் எழுதலாம். இந்த மாதிரி ஆளுங்க வரமாட்டாங்க.”

“அதனாலதான் அது வேணாம் என்டு சொல்றேன். பதியத் தெரியாத ஒரு மனுஷர் எங்கயோ தனிய இருந்து எழுதுறார். அவருக்கும் ஒரு பதில் வேணும்தானே.”

கதவடியில் வாப்பா வந்து நின்றார். மடவளை பஸாரில் புடவைக்கடை வைத்திருந்தவர், முழங்கால் நோவால் கடையை விட்டுவிட்டார். உம்மா மவுத்தான பிறகு வீட்டில் அவரும் மகனும் மட்டும்தான்.

“மகன், சோறு ஆறுது. வாறீங்களா?”

“பொறகு வாப்பா. முக்கியமான பேச்சு ஒண்டு.”

அவர் போய்விட்டார். பஹீம் தொடர்ந்தான்.

“போன கிழமை, எழுத்து சின்னதாத் தெரியுது என்டு எழுதியிருந்தார். கண்ணக் காட்டினீங்களா, கண்ணாடி மாத்தினீங்களா என்டெல்லாம் கேட்டு நீளமாப் பதில் போட்டேன். அவர் எவ்வளவு சந்தோஷமா நன்றி எழுதினார் தெரியுமா?”

“உங்களுக்கு நல்ல மனசு பஹீம். ஆனா வேலை நடக்கணுமே.”

செயலிக்கு உதவி செய்த மற்றவர்களும் ஷாமலா பக்கமே நின்றார்கள். புதுத் தளம் வந்தது. வேலை இலகுவானது. வீண் முறைப்பாடுகள் நின்றன.

பெயர் சொல்லாதவரும் நின்றுபோனார்.

பஹீமுக்கு மனம் சரியில்லை. காலையில் எழும்பியதும் தளத்தைத்தான் திறந்து பார்த்தான். சாப்பாட்டையும் கம்பியூட்டருக்கு முன்னாலேயே வைத்துச் சாப்பிட்டான். வெளியே வாப்பா கதிரையில் இருந்தபடி, மகனுக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று சத்தத்தைக் குறைத்து வைத்து டீவி பார்த்தார்.

“அவருக்கு ஏதும் நடந்திருக்குமோ?” என்று ஷாமலாவிடம் கேட்டான். “ஒரு மனுஷர் இருக்காரா இல்லையா என்டு தேட ஒருத்தரும் இல்லாமப் போனா எப்படி?”

“செயலியிலயே ஒரு அறிவித்தல் போடுங்க. பார்த்தாருன்னா எழுதுவார்,” என்றாள்.

பஹீம் யோசித்து யோசித்து எழுதினான். ‘பெயர் சொல்லாத நண்பருக்கு, உங்கள் எழுத்தைக் காணாமல் தேடுகிறோம். நலமாக இருக்கிறீர்களா?’

போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா, போனும் கையுமாகக் கதவடியில் நின்றார்.

“மகன்.”

“பொறகு வாப்பா.” பஹீம் திரும்பவில்லை. “ஒருத்தர்ட பதிலப் பாத்துக்கொண்டு இருக்கேன்.”

வாப்பா போகவில்லை.

“நலமாத்தான் ஈக்கிறேன் மகன்,” என்றார். “அந்தப் புதுசுல பேர் பதியத்தான் எனக்குத் தெரியல்ல.”