வேலை நேரத்தில் அப்பாவின் எண்

லைவ் கோல் விழுந்த கையோடு நின்றுபோனது.

திரையில் என் முகம் வாயைப் பாதி திறந்தபடி மங்கலாய் அசையாமல் கிடந்தது. அதன்மேல் ஒரு வட்டம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

தாஷ்கண்ட் மைதானம். கோல் போட்டது எங்கள் கால்பந்து கிளப் இல்லை, உள்ளூர் அணி. எனக்குப் பின்னாலிருந்த கேலரியில் டமால் என்று ஏதோ வெடித்தது. சிவப்புப் புகை கிளம்பி ஆட்களையும் கொடிகளையும் மறைத்து, என்மேலும் படர்ந்த பிறகுதான் லைவ் நின்றது. கோல் விழுந்தால் இங்கே ரசிகர்கள் இப்படித்தான் கொளுத்துவார்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள்.

சிவகாசிப் பக்கத்துக்காரிக்கு இதெல்லாம் ஒரு வெடியா? நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளப்பின் சோசியல் மீடியா என் பொறுப்பு. டீம் எந்த நாட்டுக்குப் போனாலும் நானும் போவேன். எந்த நாடானாலும் நான் பார்ப்பது போன் திரை அகலத்துக்குத்தான். அதுவும் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் இருந்து. இன்றைக்குத்தான் முதல் தடவையாக என் முகம் வருகிறது. வழக்கமாகப் பேசுகிறவருக்கு விசா வரவில்லை.

காலையிலேயே குடும்ப குரூப்பில் லிங்க் போட்டிருந்தேன். அம்மா கும்பிடும் கையை அனுப்பினாள். அப்பா பார்த்ததாகவே தெரியவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

சென்னையிலிருந்து மீடியா ஹெட் பிரபாகரன் மெசேஜ் மேல் மெசேஜாகத் தட்டினார். லைவ் என்ன ஆனது யோகேஸ்வரி, உடனே மறுபடி போடு என்றார். நெட்வொர்க்கை நானா கையில் வைத்திருக்கிறேன்? கிளப் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஜாக்கெட் பைக்குள் என் சொந்த போன் அதிர ஆரம்பித்தது.

அம்மா. எடுக்கவில்லை. மைதான ஓரத்தில் நின்று சொந்த போனில் பேசக்கூடாது.

நின்றது. அடுத்து சித்தப்பா. அவர் தீபாவளி, பொங்கலுக்குத்தான் கூப்பிடுவார்.

அதற்கடுத்து எதிர்வீட்டு செல்லக்கனி அக்கா.

கோல் வாங்கியதற்கா துக்கம் விசாரிக்கிறார்கள்? அவர்களுக்கு எது எங்கள் கிளப் என்றே தெரியாதே. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்து அப்பாவின் எண் வந்தது.



ஊரில் அப்போது மணி மூன்றரை. அப்பா சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். உள்ளே யாரும் போன் கொண்டுபோக முடியாது. கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போதுதான் கைக்கு வரும். வேலை நேரத்தில் அப்பாவின் எண்ணிலிருந்து அப்பா கூப்பிட வழியே இல்லை.

வேறு யாரோ கூப்பிடுகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனி வெடித்தால் அந்தப் பெட்டிக்குள் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அடிக்கும். முன்பு ஒரு விபத்தில் செல்லக்கனி அக்கா வீட்டுக்காரருடைய போனும் அப்படித்தான் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது ஒரு தீயணைப்பு வீரர்.

லீவாக இருக்குமோ என்று பார்த்தேன். தீபாவளிக்கு முந்தின சீசன். காய்ச்சல் வந்தால்கூட அப்பா லீவு போடாத நாட்கள். அரைநாள் வேலையோ? இன்றைக்கு என்ன கிழமை? ஊருக்கு ஊர் பறந்ததில் எனக்குக் கிழமையே தெரியவில்லை.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

எடுக்காதவரைக்கும் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படித்தான் நினைத்தேன். படித்து, பாஸ்போர்ட் நிறைய முத்திரை குத்தியவள் அப்படி நினைத்தேன்.

பதற்றத்தில் கிளப் போனைக் காதில் வைத்து ஹலோ என்றேன். பிரபாகரனின் மெசேஜ் டிங் என்று காதிலேயே விழுந்தது. அதைப் புல்லில் வைத்துவிட்டு என் போனை எடுத்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் முந்திக்கொண்டது. தொண்டை கட்டிய, தடுமாறுகிற குரல். ஆங்கிலம்.

“ஹலோ சார்... ஐ ஆம் பாதர், சார். மை டாட்டர் யோகேஸ்வரி. போன் கிவ், சார்.”

எனக்கு விளங்கவே இல்லை. அப்பாவின் எண். குரலும் அப்பாவுடையது போலத்தான் இருந்தது. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் லோடு, ஆர்டர், சீசன். யாருடைய தகப்பன் யாரிடம் யாரைக் கேட்கிறான்?

அவருக்குப் பின்னால் வீடு நிறைய ஆட்களின் சத்தம். அதற்குள்ளிருந்து அம்மாவின் அழுகை.

“அங்கன வெடிச்சு, புகையில பிள்ளை மறைஞ்சதை எல்லாரும் பாத்தோம்னு சொல்லுங்க. அவ போனை எடுத்திருக்கிறது யாருன்னு கேளுங்க.”

அப்பா லீவு போட்டிருக்கிறார். சீசன் நேரத்தில், நான் பேசுவதைப் பார்க்க.

அப்பா என்று கூப்பிடத்தான் வாயெடுத்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

“சார்... ப்ளீஸ், சார்” என்றார் அப்பா.