பொல்லடிப் பாட்டு

இரண்டாவது அடி தோளில் விழுந்த பிறகும் றபீக்கா பாட்டை நிறுத்த விடவில்லை.

"போனெத் தாங்க உம்மா, நிப்பாட்டுவம்!" மகள் ஹிதாயா குசினியிலிருந்து ஓடி வந்தாள். "கையெப் பாருங்க, எப்படி வீங்கிக் கிடக்கு!"

"தொடாதெ. இப்பதான் வாய் அசையுது. பேச்சு வரட்டும்."

மேசையில் கிடந்த போனில், சோடி சோடியாகக் கம்பு தட்டி ஆடும் பொல்லடிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ ஒரு கலியாண வீட்டில் கசற்றில் பிடித்தது. பாடி ஆட்டுவிக்கும் அண்ணாவியாரின் குரலுக்குள் கம்புகள் மோதும் சத்தம். நடு வீட்டில் அவள் கணவர் மஜீட் கையில் பொல்லோடு நின்றார். கண் எங்கோ பார்த்தது.

எழுபத்தைந்து வயது. மறதி நோய் வந்து மனைவியை மறந்தார், பிள்ளைகளை மறந்தார், கடைசியில் பேச்சையே மறந்தார். "பழகின பாட்டு ஏதாச்சும் போட்டுப் பாருங்க, சில பேருக்கு ஞாபகம் திரும்பும்" என்று டொக்டர் சொன்னார்.

ஏறாவூரில் ஒரு காலத்தில் மஜீட்டின் பொல்லடியைப் பார்க்க அடுத்த ஊர்களிலிருந்து ஆள் வரும். அவருக்கு எதிர்ப்பொல்லுப் பிடித்தவன் றபீக்காவின் தம்பி உசனார். தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலத்தில், வட்டைக்கு வயல் பார்க்கப் போகிறேன் என்றவன் திரும்பவில்லை. வழியில் யாரோ பிடித்துக்கொண்டு போனதாக ஊர் முடிவு செய்தது. அந்த வருடம் காணாமல் போன எல்லோருக்கும் ஊரிடம் அந்த ஒரு முடிவுதான் இருந்தது.

பாட்டை முதல் நாள் போட்டபோது வீட்டில் மஜீட்டோடு றபீக்கா மட்டும்தான் இருந்தாள். எட்டு மாதம் மூடிக் கிடந்த வாயில் முதலில் வந்தது உசனாரின் பேர். அதிலிருந்துதான் அவளுக்கு இந்தப் பிடிவாதம். சோடி இல்லாமல் பொல்லடி ஏது என்று எதிர்ப்பொல்லைத் தானே எடுத்துக்கொண்டாள்.

பாட்டு வேகம் பிடித்தது. கம்பில் கம்பு, கம்பில் கம்பு. பிறகு தாளம் தப்பி அவள் மணிக்கட்டில்.

"மச்சான்!" மஜீட் உறுமினார். "காணியெ எழுதித் தர மாட்டியோ?"

"பாத்தியா மகள், பேசுறாரு" என்றாள் றபீக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒங்களெப் பாத்து மச்சான் எங்காரு. இதுவும் ஒரு பேச்சா? போன கிழமை புருவம், நேத்து முழங்கால், இண்டைக்குக் கை. ஒரு சொல்லுக்கு ஒரு அடி. முழு வசனம் பேசி முடிக்கிறதுக்குள்ள நீங்க மையத்து!"

வாசலில் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு மகன் அஹமட் உள்ளே பாய்ந்தான். "சந்தி வரைக்கும் சத்தம் கேக்கு! விடுங்க வாப்பா!" பின்னால் போய்க் கட்டிப்பிடித்தான். கிழவரின் முழங்கை அவன் வாயில் இடித்தது. உதடு கிழிந்து ரத்தம் சேட்டில் வழிந்தது.

"எங்கள்ல ஒரு நாள் கை வெச்ச மனிசனா உம்மா இவரு?" அஹமட் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினான். "உப்புக் கிணத்தெ மூடி அதுக்கு மேல ஒங்களுக்குக் குசினி கட்டித் தந்தவரு. ஒரு மேசனெக் கூடப் பிடிக்காம, தன்ட கையால! அந்த வாப்பாவெ இந்தப் பாட்டு மிருகமாக்குது. டொக்டர் அடி வாங்கவா சொன்னாரு?"

"அடிக்கு மருந்து இரிக்கு மகன். இவரு பேசாமப் பெய்த்தாரெண்டா அதுக்கு மருந்து இல்ல. சத்தத்தெக் கூட்டு."

"மாட்டன்."

அவளே எட்டிக் கூட்டினாள். திரும்புவதற்குள் பொல்லு நெற்றியில் இறங்கியது. றபீக்கா சுவரோடு சரிந்து விழுந்தாள். ஒரு கண்ணை ரத்தம் மூடிவிட்டது. ஹிதாயா அலறினாள். மஜீட் குனிந்து, விழுந்தவளின் விலாவில் ஒன்று, தொடையில் ஒன்று, தாளத்துக்குத் தாளம் அடித்தார். அஹமட் பொல்லைப் பிடித்து இழுத்தான், கிழவரின் பிடி விடவில்லை.

றபீக்கா ஐயோ என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. ரத்தத்துக்குள்ளால் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பொறவு? பொறவு என்னெய எங்க போட்ட, மச்சான்?"

மஜீட் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. "கிட மச்சான், கிணத்துக்குள்ள கிட! உப்புத் தண்ணி அள்ள ஆரு வரப்போறா?"

பாட்டு முடிந்தது. பொல்லு அவர் கையிலிருந்து நழுவி உருண்டது. முன்னால் கிடந்தவளைப் பார்த்து அவர் முகம் இளகிப் போனது.

"ஆரு புள்ள நீங்க? நெத்தியில என்ன ரெத்தம்?"

றபீக்கா சுவரைப் பிடித்து எழுந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, போனை எடுத்து அஹமட்டின் கையில் வைத்தாள்.

"இனிப் பாட்டு வேணா மகன்."

"இப்பதானே உம்மா வசனமாப் பேசினாரு..." ஹிதாயா விம்மினாள்.

குசினிக்குள் மத்தியானச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருடம் தான் உலை வைத்த அந்தச் சிமெந்துத் தரையை றபீக்கா வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"அடுப்பெ வெளியில எடு, மகள். என்ட தம்பி கீழ கிடக்கான்."