கம்ப்யூட்டர் பக்கம் வராதே

"எங்க புள்ள கை பட்டா உங்க பொட்டி தீட்டாயிடுமா சார்?"

ஏசுதாஸ் போட்ட சத்தத்தில், செய்யூர் பக்கத்து அந்த ஆரம்பப் பள்ளி வாசலில் ஊரே கூடிவிட்டது. அவன் மனைவி ரெபேக்காள் மட்டும் தலையைத் தூக்காமல் நின்றாள்.

விசாரிக்க வந்த கல்வி அலுவலர் ராஜாராம், ஆசிரியர் காசிநாதனைப் பார்த்தார்.

"மூணாங்கிளாஸ்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டர்ல பாடம். இவர் பொண்ணு ஹெலனை மட்டும் தொடவே விடறதில்லைன்னு புகார். உண்மையா?"

"உண்மைதான் சார்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"ஏதாவது உடைச்சுட்டாளா?"

"இல்ல சார்."

"பின்ன ஏன்?"



கல்பாக்கத்து ஆபீஸ் ஒன்றில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைக் கெஞ்சி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் காசிநாதன். வாய்ப்பாட்டிலிருந்து வானவில் வரை அதில்தான் நடத்துவார். இப்பேர்ப்பட்ட மனுஷனுக்குள் இப்படி ஒரு அழுக்கா என்று நினைத்தார் ராஜாராம்.

முன்னால் நின்ற மாணவி பிரதீபாவைக் கேட்டார். "ஹெலனை சார் என்னம்மா சொல்வாரு?"

"கீபோர்டு பக்கம் வராத, தள்ளிக் குந்துன்னு சொல்வாரு சார்."

"கேட்டுக்கினீங்களா?" ஏசுதாஸ் முன்னால் வந்தான். "எங்கப்பன் ஊரான் நெலத்துல குனிஞ்சான். நானும் குனிஞ்சேன். எம் பொண்ணாவது நிமிந்து குந்தி அத்தத் தட்டட்டும்னு நெனச்சேன். தெனம் வூட்டுக்கு வந்து அழுவுது சார்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

ரெபேக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் இன்னா சார் சொல்றது?"

"கடைசியா கேக்கறேன் காசிநாதன். சாதிதான் காரணமா?"

காசிநாதன் ஒரு முறை ரெபேக்காளைப் பார்த்தார். "நீங்க எப்படி வேணா எழுதிக்குங்க சார்."

ராஜாராம் எழுதினார். நான்காம் நாள் சஸ்பென்ஷன் உத்தரவு வந்தது. சாமான்களை எடுத்துக்கொண்டு காசிநாதன் தெருவில் நடந்தபோது ஒருத்தன் காறித் துப்பினான். பிள்ளைகள்கூட வணக்கம் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றவரிடம் ரெபேக்காள் ஓடி வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையைக் கூப்பினாள்.

"ஹெலனுக்கு இன்னா வியாதின்னு அந்த ஆபீசருகிட்ட சொல்லிடறேன் சார். எங்க வூட்டுக்காரருக்கே இன்னும் தெரியாது. மாமியா வூட்டாளுங்க காதுல வுழுந்தா எங்க ரெண்டு பேரையும் தள்ளி வெச்சிடுவாங்கன்னு பயந்துகினு கெடந்தேன். அதுக்காக நீங்க இப்பிடிப் போவணுமா?"

"வேணாம்மா. அவ விரல் வெச்சா எழுத்து நிக்காம ஓடுதே, அவ கைக்கு என்னன்னு பிள்ளைங்க கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதனாலதான் தள்ளி உக்கார வெச்சேன். குஷ்டம்னு ஒரு வார்த்தை வெளிய வந்தா அவ படிப்பு அதோட முடிஞ்சுது. இத்தனை நாள் என்கூட வந்தீங்க. இனிமே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க. இன்னும் நாலு மாசம். ஒரு நாள்கூட மாத்திரையை விட்டுடாதீங்க."

"செய்யாத தப்புக்கு உங்களுக்கு இன்னாத்துக்கு சார் தண்டனை?"

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. காசிநாதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"செஞ்ச தப்புக்குத்தாம்மா. மொத நாள் கீயை அழுத்தினவ விரலை எடுக்கவே இல்ல. திரை பூரா ஒரே எழுத்து. திமிருன்னு நெனச்சு, அந்த விரல் மேலயே இரும்பு ஸ்கேலால பத்து அடி அடிச்சேன். அழவே இல்லம்மா. கண்ணை மூடிக்கிட்டு நின்னவ, 'அடிச்சி முடிச்சிட்டீங்களா சார்?'னு கேட்டா."