டேப்பெட் சத்தம்

நைட் டூட்டி முடிந்து நர்ஸ் தன் ஸ்கூட்டரைத் தெருவுக்குள் திருப்பியபோது, அவள் புருஷன் எதிர்வீட்டு வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரியின் ஸ்கூட்டர். பக்கத்தில் எதிர்வீட்டுக்காரி. அவள் கையில் டீ கிளாஸ். அதுவும் இவனுக்காக!

"என்ன நடக்குது இங்க?"

"டேப்பெட் செட் பண்றேன்" என்றான் தலையைத் தூக்காமல். வால்வுக்கும் அதன்மேல் தட்டுகிற திருகுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, இழுத்துப் பார்த்து, திரும்பச் செருகினான்.

"அதுக்குத்தானே மெக்கானிக் கடைன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்க?"

"கடைக்கு ஓட்டிட்டு வந்தா இன்ஜின் சூடாயிடும். சூட்டுல வெச்சா கேப் சரியா நிக்காது. நல்லா ஆறின வண்டியிலதான் பண்ணணும்."

"டீ குடிக்கிறீங்களா அண்ணி?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

பேக்கரியில் வேலை பார்க்கிறவள். பேச்சிலும் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வண்டி டக்கு டக்குன்னு அடிச்சுக்குது. மெக்கானிக் பொண்டாட்டி வண்டியா இதுன்னு ஆஸ்பத்திரியே சிரிக்குது. எத்தனை நாளா சொல்றேன்?"

"கொஞ்சம் லூசா இருக்கு, அவ்வளவுதான். டைட்டா இருந்தாதான் வால்வு கருகும். இதனால ஒண்ணும் ஆகாது."

"அப்ப அவ வண்டியும் கத்திட்டே கிடக்க வேண்டியதுதானே?"

அவன் விரலில் ஒட்டியிருந்த ஆயிலைத் துடைத்துக்கொண்டே, "நீ படு. தூங்கற நேரம்" என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனான்.

படுத்தாள். தூக்கம்தான் வரவில்லை. முன்பெல்லாம் எதிர்வீட்டு வண்டி கிளம்பினால் இந்த ஜன்னலே அதிரும். இன்றைக்கு அவள் போனதே தெரியவில்லை. அவளுக்குப் பூனை மாதிரி ஒரு வண்டி, எனக்குத் தகர டப்பாவா?

அன்று டூட்டியில் கூட வேலை பார்க்கிறவளிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளப் பார்த்தாள். அவள் எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினாள்.

"ஆம்பளை சும்மா யார் வீட்டு வாசல்லயும் குத்தவைக்க மாட்டான்டி. திடீர்னு போய் நின்னு பாரு."

எங்கே போய் நிற்பது? இந்த வண்டி நாலு தெருவுக்கு முன்னாலேயே தண்டோரா போட்டுவிடுமே! ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடை மெக்கானிக்கைப் பிடித்தாள். மறுநாள் விடிந்ததும், இன்ஜின் ஆறிக் கிடந்தபோதே அவன் டேப்பெட்டை செட் பண்ணிக் கொடுத்தான்.

"ஓட்டிப் பாருங்க சிஸ்டர். ஓடுதான்னு உங்களுக்கே சந்தேகம் வரும்."

வந்தது. அவ்வளவு அமைதி.

தெருமுனையில், நின்றிருந்த லாரிக்குப் பின்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை.

கொஞ்ச நேரத்தில் புருஷன் வாசலுக்கு வந்தான். தெருவைப் பார்த்தான். உள்ளே போனான். மறுபடி வந்தான். கைப்பையில் இவள் போன் அடித்தது. எடுப்பாளா? இன்னும் இறுக்கிப் பையை மூடினாள்.

அவன் நேராக எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான். அவள் சாவியோடு வந்து வண்டியை எடுத்தாள். அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தான்!

நர்ஸுக்குக் கண் இருட்டியது. ஆத்திரத்தோடு ஓட்டிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் குறுக்கே நிறுத்தினாள்.

"ஜோடியா எங்க கிளம்பியாச்சு?"

அவன் சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. அவளைப் பார்த்தான். பிறகு அவள் வண்டியைப் பார்த்தான்.

"வண்டி... சத்தமே வரலையே" என்றான். இறங்கி, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"உங்களைத் தேடித்தான் அண்ணி கிளம்பினோம்!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "'அவ வண்டிச் சத்தம் இன்னும் கேக்கலை, போனும் எடுக்கலை, வழியில விழுந்து கிடக்கிறாளோ'ன்னு அண்ணன் கதவையே உடைச்சிருப்பார். அந்த டக்டக் தெருமுனையில கேட்டாதான் அவருக்கு மூச்சு சீராகும். அதனாலதான் அதைச் சரி பண்ணாமலே வெச்சிருக்கார்."

நர்ஸ் அவனுடைய செருப்பில்லாத காலைப் பார்த்தாள். ஆனாலும் பொறாமையில் ஒரு துளி மிச்சம் இருந்தது.

"சரி, உங்க வண்டிக்கு மட்டும் காலங்காத்தால அப்படி என்ன வைத்தியம்?"

"நானா கேட்டேன்? அவரேதான் வந்து நின்னார். ராத்திரியெல்லாம் முழிச்சுட்டு வந்து நீங்க கண்ணை மூடற நேரத்துலதான் என் வண்டி கத்தித் தொலைக்குதாம்."

நர்ஸ் வண்டிச் சாவியை உருவினாள். புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதை அவன் கையில் வைத்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள இன்ஜின் ஆறிடும். நான் டூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, பழையபடி லூஸ் பண்ணிக் குடுங்க."